ஏழாம் அத்தியாயம்: கட்டும்போதே படமெடுங்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மான்டெரே என்ற ஊரில், ஜான் ஆலன் என்பவரின் வீட்டு அடித்தளத்தில் ஒரு மலைநாடே இருந்தது. தரையில் தொடங்கிக் கூரை வரை எழுந்த பாறைகள், பள்ளத்தாக்குகளைத் தாண்டும் மரப்பாலங்கள், கரி படிந்த இன்ஜின் கொட்டகைகள். இவற்றுக்கு நடுவே, நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவுள்ள ரயில்கள் ஓடின. ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ என்று பெயரிடப்பட்ட அந்த மாதிரி ரயில்பாதை 1946இல் ஒரு சிறு பலகையில் பிறந்து, வீடு மாறியபோது கூடவே வந்து, பிறகு ஓர் அறை முழுவதும் பரவியது. 1973 ஜனவரியில் ஆலன் மாரடைப்பால் இறந்தார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தீப்பிடித்து அதில் பெரும்பகுதி அழிந்துபோனது.

ஆனாலும் உலகெங்கும் மாதிரி ரயில் கட்டுபவர்கள் இன்றும் அதைப் பார்த்துப் பாடம் படிக்கிறார்கள். படங்கள் இருக்கின்றன. ஆலன் தொழில்முறைப் புகைப்படக்காரர். ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் எழுதி, 1981இல் வெளிவந்த புத்தகம் அந்தப் படங்களின் பலத்தில்தான் நிற்கிறது.

ஆலனின் வேலையைக் கூர்ந்து பார்த்தால், கட்டுவதை முடித்துவிட்டுப் படமெடுக்கப் போன ஆள் இல்லை அவர் என்பது புரியும். புத்தம் புதுப் பெட்டியில் அழுக்கும் துருவும் ஏற்றிப் பழசாக்கியது, சுவரோரம் கண்ணாடி பதித்து ஊரை இரட்டிப்பாக்கியது, தூரத்துப் பொருள்களைச் சிறிதாகச் செய்து ஆழம் காட்டியது எல்லாமே லென்ஸ் வழியாகப் பார்த்துப் பழகிய கண்ணின் யோசனைகள். ஸ்கேல், சோல்டரிங் அயன் ஆகியவற்றோடு கேமராவையும் முதல் நாளே கருவிப் பெட்டியில் சேர்த்துவிடுவதுதான் இந்த அத்தியாயத்தின் வழி. கையால் தடவியும் தெரியாத தப்பு படத்தில் தெரியும். அதைத் திருத்தும் செலவு, ஜல்லி ஒட்டுவதற்கு முன்பு மிகக் குறைவு.

அளவைத் தேர்ந்தெடுத்தல்

உலகில் அதிகம் புழங்கும் அளவு ஹெச்ஓ. விகிதம் 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இடம் குறைந்த வீட்டுக்கு ‘என்’ (N) அளவு. விகிதம் 1:160, இடைவெளி 9 மி.மீ. ஹெச்ஓவில் இன்ஜின், பெட்டி, கட்டடம், ஆள் உருவம் எல்லாம் எளிதில் கிடைக்கும். கையாளவும் படமெடுக்கவும் வசதி. ‘என்’ அளவில் அதே அறையில் நீண்ட ரயிலை ஓட்டலாம். ஆனால் கேமரா நெருங்கும்போது நுணுக்கக் குறைகளும் பெரிதாகத் தெரியும்.

இந்திய ரயிலைக் கட்ட விரும்புகிறவருக்கு இங்கேயே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளமோ, ஐரோப்பா, அமெரிக்காவின் 1,435 மி.மீ. பாதைக்காகச் செய்யப்பட்ட 16.5 மி.மீ. ஆகவே சென்னை ஐசிஎஃப் ஆலையின் பயணிப் பெட்டியை அதில் நிறுத்தினால் பெட்டிக்குக் கீழே பாதை கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். இங்கிலாந்துக்காரர்களுக்கும் இதே தலைவலி உண்டு. அவர்களுடைய ஓஓ அளவு 1:76. ஆனால் ஓடுவது அதே 16.5 மி.மீ. தண்டவாளத்தில். அந்த நாட்டு இன்ஜின்கள் உருவில் சிறியவை. 1:87இல் செய்தால் அன்றைய மோட்டார் உள்ளே அடங்கவில்லை. அதனால் உடலை மட்டும் பெரிதாக்கிப் பாதையை அப்படியே விட்டார்கள்.

தண்டவாளத்தைக் கையால் செய்யும் பொறுமை இல்லாதவர் இந்த ஒடுக்கத்தோடு வாழப் பழக வேண்டியதுதான். அதற்குக் கேமரா உதவும். இன்ஜினை நேர் எதிரே நின்று எடுத்தால் ஒடுக்கம் பளிச்சென்று தெரியும். பக்கவாட்டிலோ, முக்கால் பக்கத்திலோ தாழ்ந்து நின்று எடுத்தால் கண்ணில் படாது. கட்டும்போதே பார்வையாளர் நிற்கும் பக்கத்துக்குப் பாதை பக்கவாட்டில் ஓடும்படி அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நீலகிரி மலை ரயில் வேறு கணக்கு. அது மீட்டர் கேஜ். 1,000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5, ஐரோப்பிய மலை ரயில்களுக்காக விற்கப்படும் ஹெச்ஓஎம் தண்டவாளம் 12 மி.மீ. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையிலான 46 கி.மீ.யை இந்த அளவில் விரித்தால் 529 மீட்டர் நீளம் வரும். எந்த வீட்டிலும் அதற்கு இடமில்லை. முழுப் பாதையையும் சுருக்கிப் போட முயலாமல், ஒரே காட்சியை எடுத்துக்கொள்வதே வழி. பல்சக்கரப் பாதை தொடங்கும் கல்லாறு, ஒரு பாலம், ஒரு சுரங்க வாய், கீழிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும் நீராவி இன்ஜின்: ஒரு மேசைக்கு இது போதும்.

பலகை, வளைவு, ஏற்றம்

ஹார்டுவேர் கடையில் ‘எட்டுக்கு நாலு’ என்று கேட்டால் கிடைக்கும் பிளைவுட் தகடுதான் உலகெங்கும் மாதிரி ரயில்காரர்களின் முதல் நிலம். அதன் நாலடி அகலத்தில், 22 அங்குல ஆரமுள்ள ஹெச்ஓ வளைவு இரு ஓரத்திலும் இரண்டிரண்டு அங்குலம் விட்டு உட்காரும். அதற்குமேல் இடமில்லை. நீளமான பயணிப் பெட்டிக்கு இது போதாது. பெட்டி நீளத்தைப்போல் மூன்று மடங்காவது வளைவின் ஆரம் இருக்க வேண்டும் என்பது அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஐசிஎஃப் பெட்டி ஹெச்ஓவில் சுமார் 24.5 செ.மீ.; ஆகவே 73 செ.மீ., அதாவது 29 அங்குல ஆரம் வேண்டும். எட்டுக்கு நாலுதான் இருக்கிறது என்றால் சரக்கு வண்டி, நீராவிக் காலத்துச் சின்னப் பெட்டி, கிளைப் பாதை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். இறுக்கமான வளைவில் நீண்ட பெட்டி ஓடத்தான் ஓடும். ஆனால் அதன் நடுப்பகுதி உள்பக்கம் பிதுங்கி, மூலைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைப் படம் மறைக்காது.

நாலடி அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போடக்கூடாது. மனிதக் கை வசதியாக எட்டுவது சுமார் 75 செ.மீ.; அதற்கு அப்பால் தடம் புரண்ட பெட்டியை எடுக்கப் போனால் வழியிலிருக்கும் மரங்களெல்லாம் சாயும். சுவரோரம்தான் இடம் என்றால், அகலம் குறைந்த பலகையை அலமாரி போல நீளவாக்கில் பதிப்பது நல்லது. உயரம் நின்றபடி பார்ப்பவரின் மார்பளவுக்கு வந்தால், மேலிருந்து பார்க்கும் பருந்துப் பார்வை போய், பக்கத்து ஊர் நடைமேடையில் நிற்பவரின் பார்வை கிடைக்கும்.

ஏற்றத்தைக் கண்ணளவில் போட்டுவிடக் கூடாது. ஒரு பாதையை இன்னொன்றின் மேல் கடத்த ஹெச்ஓவில் பாலத்தின் தடிமனையும் சேர்த்துச் சுமார் 10 செ.மீ. உயரம் வேண்டும். நூற்றுக்கு 2 என்ற சரிவில் ஏறினால் அதற்கு 5 மீட்டர் ஓட வேண்டும். நூற்றுக்கு 3 என்றால் 3.3 மீட்டர். அதற்குமேல் செங்குத்தாக்கினால் இன்ஜின் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். நீலகிரியில் 12க்கு 1 என்ற ஏற்றத்தை ரயில் ஏறுகிறது என்றால், அதற்குக் காரணம் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசை.

தண்டவாளத்தைப் பலகையில் தற்காலிகமாக ஊசி குத்தி நிறுத்தியதும் முதல் படம் எடுக்க வேண்டும். போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் பாதையைத் தொடுமளவு தாழ்த்தி, பாதையின் நீளவாக்கில் பார்த்தால் போதும். மேலிருந்து நேராகத் தெரிந்த பாதை அங்கே பாம்பாக நெளியும். இணைப்பு ஒவ்வொன்றிலும் உடைந்தாற்போல் ஒரு கோணம் தெரியும். இவையே பின்னால் தடம் புரளும் இடங்கள்.

மின்சாரம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பலகைக்கு அடியில் தடித்த ஒயர் ஜோடி ஒன்று நெடுக ஓட வேண்டும். அதிலிருந்து மெல்லிய ஒயர்கள் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் சோல்டர் செய்யப்பட வேண்டும். துண்டுகளை இணைக்கும் உலோகக் கவ்விகளை மட்டும் நம்பினால் சில மாதத்தில் மின்சாரம் விட்டுவிட்டு வரும். பழைய முறையில் தண்டவாளத்துக்கு 12 வோல்ட் வரை ஏற்றி இறக்கி வேகம் காட்டுவார்கள். டிசிசி முறையில் தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் சில்லு தனக்கு வந்த கட்டளையை மட்டும் கேட்டு ஓடும். விளக்குகளைத் தனியே அணைக்கவும் ஏற்றவும் முடிவதால் படமெடுப்பவருக்கு டிசிசி கூடுதல் வசதி.

டிசிசி பாதையில் ஒயர் வேலை சரியா என்று பார்க்க ஒரு நாணயம் போதும். இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே அதை வைத்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். ஏதாவதொரு மூலையில் துண்டிக்கவில்லை என்றால் அங்கே ஒயர் போதவில்லை. ஷார்ட் ஆனால் சூடேறும் இடமும் அதுதான். கடலோர ஊர்களில் இரும்பு, பித்தளைத் தண்டவாளங்களைத் தவிர்த்து நிக்கல் சில்வர் வாங்குவது நல்லது.

ஜல்லி

கண்ணை ஏமாற்றுவதில் பாதி வேலை ஜல்லியில் முடிந்துவிடும். படத்தைக் கெடுப்பதிலும் அதற்குத்தான் முதலிடம். நிஜப் பாதையில் கொட்டும் ஜல்லி சுமார் 50 மி.மீ. கல். 87ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கடையில் மீன் தொட்டிக்கு விற்கும் கூழாங்கல் இந்த அளவில் பாறாங்கல்லாகத் தெரியும். ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, கீழே விழும் பொடியையும் மேலே தங்கும் பருக்கையையும் நீக்கினால் நடுத்தரம் கிடைக்கும்.

பிறகு ஒரு காரியம் கட்டாயம் செய்ய வேண்டும். மணலைத் தாளில் பரப்பி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தை அதன் மேல் மெல்ல நகர்த்தினால், உறையின் அடியில் கறுப்பு மீசை முளைக்கும். அது மணலில் கலந்திருக்கும் இரும்புத் துகள். அப்படியே கொட்டினால் இன்ஜினின் மோட்டாரில் உள்ள காந்தம் அதை உறிஞ்சிக்கொள்ளும். உறையை உருவினால் துகள் தானாக உதிர்ந்துவிடும். காந்தம் சுத்தமாக இருக்கும். மீசை முளைக்காத வரை மூன்று நான்கு முறை ஓட்டலாம்.

ஜல்லியைப் பரப்ப ஒரு கரண்டி, ஒதுக்க ஒரு பழைய பெயின்ட் பிரஷ். ஸ்லீப்பர் கட்டையின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். தண்டவாளத்தின் உள்பக்கம் ஒரு மணிகூட ஒட்டியிருக்கக் கூடாது. முதலில் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஒரு சொட்டு கலந்து லேசாகத் தெளித்து நனைக்க வேண்டும். அதன்பின் ஃபெவிகாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, சொட்டு மருந்துக் குழாயால் விட வேண்டும். நனைக்காமல் விட்டால் பசை உருண்டையாக நின்று ஜல்லியில் குழி பறிக்கும். பாதை பிரியும் பாயின்ட்டின் நகரும் நாக்குப் பகுதிக்கு அருகே பசை போகவே கூடாது. ஒட்டுவதற்கு முன் ஒரு படம், காய்ந்த பின் ஒரு படம் எடுத்துப் அருகருகே வைத்துப் பார்த்தால் அடுத்த அடியில் எங்கே கவனம் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மலையும் கட்டடமும்

மலைக்கு அடுக்கடுக்காக ஒட்டிய தெர்மாகோல் போதும். அதை ஒட்ட ஃபெவிகால்தான் ஏற்றது; செருப்புக்கும் ரெக்சினுக்கும் பயன்படும் ரப்பர் பசை தெர்மாகோலைக் கரைத்துத் தின்றுவிடும். மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த டிஷ்யூ பேப்பரைப் போர்த்தினால் தோல் வந்துவிடும். பாறைக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஒரே நிறத்தைத் தடிமனாகப் பூசாமல், நீர்த்த நிறங்களை மேல்மேலாக வழியவிட வேண்டும். கறுப்பு நீர் பிளவுகளில் தங்கும். காய்ந்தபின் வெளிர் நிறத்தைக் காய்ந்த பிரஷால் விளிம்புகளில் மட்டும் தேய்த்தால் பாறை எழுந்து நிற்கும்.

கட்டடங்களைப் பாதைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கட்ட வேண்டியதில்லை. பாடகர் ராட் ஸ்டூவர்ட் தம் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் 1940களின் அமெரிக்க நகரம் ஒன்றை ஹெச்ஓ அளவில் எழுப்பினார். அதன் கட்டடங்களில் பலவற்றைக் கச்சேரிப் பயணங்களின்போது ஹோட்டல் அறையில் வைத்துக் கட்டினார். 2019இல் ‘ரெயில்வே மாடலர்’ இதழ் அந்த நகரத்தின் படங்களை வெளியிட்டது. சாப்பாட்டு மேசை, ஒரு கட்டிங் மேட், ஒரு விளக்கு இருந்தால் கட்டடம் எங்கும் வளரும். முடிந்ததும் தரையோடு இடைவெளியில்லாமல் பதிக்க வேண்டும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே தெரியும் மெல்லிய கறுப்புக் கோடு, கட்டடத்தைக் காற்றில் மிதக்கவிடும். ஒரு சிட்டிகை மணலும் புல்லும் அதை மூடிவிடும்.

லென்ஸை எங்கே வைப்பது

1.65 மீட்டர் உயர மனிதர் ஹெச்ஓவில் 19 மி.மீ. அவருடைய கண்ணுக்கு லென்ஸ் வந்துவிட்டால் பொம்மை ரயில் நிஜ ரயிலாகும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், பிரவுன் சகோதரர்கள் 2001இல் திறந்த மினியாடூர் வுண்டர்லாண்ட் என்ற மாபெரும் ஹெச்ஓ உலகத்துக்குள் 2016இல் கூகுள் ஸ்ட்ரீட் வியூ நுழைந்தது. சாலையிலும் தண்டவாளத்திலும் குட்டி வண்டிகளில் கேமராவை ஏற்றி ஓட்டினார்கள். மேலிருந்து பார்த்தவர்கள் அதற்குமுன் கவனிக்காத முகங்களும் கடை ஜன்னல்களும் அதில் வந்தன.

வீட்டில் அதற்குப் போன் போதும். பெரும்பாலான போன்களில் லென்ஸ் மேல் மூலையில் இருப்பதால், தலைகீழாக்கினால் அது தரையோடு தரையாக வந்துவிடும். மிக நெருங்கினால் பல போன்கள் தாமாகவே அகல லென்ஸுக்கு மாறி, இன்ஜினின் மூக்கைப் புடைக்கவைக்கும். கொஞ்சம் பின்னால் வந்து, பிறகு படத்தை வெட்டிக்கொள்வது நல்லது.

ஃபோகஸ்

மாதிரிப் படம் என்று காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளம், முன்பகுதி தெளிவாகவும் பின்பகுதி மங்கலாகவும் இருப்பது. நிஜ ரயிலை 20 மீட்டர் தள்ளி நின்று எடுக்கிறோம். மாதிரியை 20 செ.மீ.யில் எடுக்கிறோம். அவ்வளவு கிட்டத்தில் தெளிவு நிற்கும் ஆழம் ஒரு பெட்டியின் நீளம்கூட இராது. ஃபிலிம் காலத்தில் லென்ஸின் துவாரத்தை ஊசித்துளை அளவுக்குச் சுருக்கி, நீண்ட நேரம் வெளிச்சம் படவிட்டுச் சமாளித்தார்கள். இன்றைய கேமராவிலும் எஃப் 16, எஃப் 22 வரை சுருக்கலாம். அதற்குமேல் போனால் ஒளி துவார விளிம்பில் சிதறிப் படம் முழுவதுமே மென்மையாகிவிடும்.

நல்ல வழி, பல படங்களை அடுக்குவது. கேமராவை டிரைபாடில் இறுக்கி, துவாரத்தை எஃப் 8 அல்லது எஃப் 11இல் வைத்து, வெளிச்ச அளவையும் ஒயிட் பேலன்ஸையும் கையால் நிலைநிறுத்த வேண்டும். முதல் படத்தில் கிட்டத்துத் தண்டவாளத்துக்கு ஃபோகஸ், அடுத்ததில் கொஞ்சம் தள்ளி, இப்படியே மலைவரை. தெளிவான பகுதிகள் ஒன்றையொன்று தொட்டு மேவியிருக்க வேண்டும். ஹெலிகான் ஃபோகஸ், ஸிரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு படத்திலிருந்தும் கூர்மையான பகுதியை மட்டும் எடுத்து ஒன்றாக்கிவிடும். எடுக்கும் நேரத்தில் ரயிலும் மேசையும் அசையக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். அது சுற்றினால் பஞ்சு மரங்கள் ஆடி, ஒவ்வொரு இலையும் இரண்டாகத் தெரியும்.

ஒரு சூரியன்

வானத்தில் இருப்பது ஒரே சூரியன். படத்திலும் நிழல் ஒரு பக்கம்தான் விழ வேண்டும். அறையின் டியூப்லைட், மேசை விளக்கு, ஜன்னல் மூன்றும் சேர்ந்தால் இன்ஜினுக்கு மூன்று நிழல் விழும். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, பிரதான விளக்கை எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ள வேண்டும். விளக்கு கிட்டத்தில் இருந்தால் மின்கம்பங்களின் நிழல்கள் விசிறியாக விரியும். தள்ளிப்போகப் போக இணையாகும். நிழல் பக்கம் கறுத்துப்போனால் எதிரே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் தகட்டை நிறுத்தினால் போதும். பகலுக்கு 5,000 கெல்வின், மாலைக்கு 3,000 கெல்வின் எல்இடி பொருந்தும். இரண்டையும் கலக்கக் கூடாது.

பின்புலத் திரையில் வானம் உச்சியில் அழுத்தமான நீலமாகவும், அடிவானத்தை நெருங்க நெருங்க வெளுத்தும் இருக்க வேண்டும். மூலையில் மடிப்பு விழாமல் வளைத்துப் பொருத்த வேண்டும். திரைமேல் மரத்தின் நிழல் விழுந்தால் வானத்தில் மரம் முளைத்துவிடும். திரைக்கும் கடைசி மரத்துக்கும் நடுவே ஒரு கையகலமாவது இடைவெளி வேண்டும்.

தூக்கிச் செல்லும் அளவுக்குச் சிறு பலகை என்றால் மொட்டை மாடியை மிஞ்சிய ஸ்டுடியோ இல்லை. காலை எட்டு மணி, மாலை நாலரை மணி வெயிலில் நிழல் நீண்டு, உண்மையான வானமே பின்னால் நிற்கும். கைப்பிடிச் சுவர் தெரியாத உயரத்துக்குப் பலகையை ஏற்றி வைக்க வேண்டும். உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டும். பிளாஸ்டிக் பெட்டி வளைந்துவிடும், தண்டவாளம் நீண்டு புடைக்கும்.

இரவுப் படத்துக்கு ஆசான், அமெரிக்கப் புகைப்படக்காரர் ஓ. வின்ஸ்டன் லிங்க். 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையின் கடைசி நீராவி இன்ஜின்களை இரவில், ஏராளமான ஃபிளாஷ் பல்புகளைத் தாமே பொருத்தி எடுத்தார். வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். மாதிரியிலும் அதையே செய்யலாம்: பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து ஒரு சிறு விளக்கு, ஸ்டேஷன் ஜன்னலுக்குள் ஒரு மஞ்சள் எல்இடி. பத்து நொடி ஷட்டர் திறந்திருக்கும்போது இன்ஜினின் முகப்பு விளக்கை ஒரு நொடி மட்டும் எரியவிட்டு அணைத்தால், அது வெளுத்துப் பூக்காமல் விளக்காகவே இருக்கும்.

ஷட்டரை அழுத்துமுன்

மனித முடியின் தடிமன் சுமார் 0.07 மி.மீ.; 87ஆல் பெருக்கினால் 6 மி.மீ. கயிறு. பிளாட்பாரத்தில் ஒரு பூனை முடி கிடந்தாலும் படத்தில் அது கயிறாகக் கிடக்கும். ஆகவே எடுக்குமுன் மென்மையான மேக்கப் பிரஷால் தூசு தட்ட வேண்டும். பிறகு வரிசையாகச் சரிபார்க்க வேண்டும்:

– எல்லாச் சக்கரமும் தண்டவாளத்தின் மேல் இருக்கிறதா? ஒரு சக்கரம் இறங்கியிருந்தால் பெட்டி சாய்வது படத்தில் மட்டுமே தெரியும்.
– ஆள் உருவங்களின் காலடியில் பசை பளபளக்கிறதா?
– விளக்குக் கம்பம், சிக்னல், மரம் ஆகியவை செங்குத்தாக நிற்கின்றனவா?
– தண்டவாளத்தின் பக்கவாட்டில் துரு நிறம் பூசியாகிவிட்டதா? மேல்முகம் மட்டுமே மின்ன வேண்டும்.
– பலகையின் ஓரம், சுவர் சுவிட்ச், திரைச்சீலை எதுவும் சட்டத்துக்குள் வருகிறதா?

முதல் படத்தைக் கணினித் திரையில் முழு அளவில் திறந்து, தப்புகளைத் தாளில் எழுதித் திருத்திய பிறகே அடுத்தது. எடுத்ததை மாதவாரியாக அடைவு போட்டு, பலகையின் எந்தப் பகுதி என்ற பெயரோடு சேமிக்க வேண்டும். அழகுப் படங்களோடு பலகையின் அடிப்பக்கத்தையும் எடுத்துவைப்பது அவசியம்: எந்த ஒயர் எந்தப் பாயின்ட்டுக்குப் போகிறது என்று சிட்டை ஒட்டிய நிலையில், ஒவ்வொரு பகுதியும் ஒரு படம். மூன்று வருடம் கழித்து ஒரு பாயின்ட் வேலை செய்யாமல் போகும்போது, மேசைக்கடியில் மல்லாந்து படுத்திருப்பவருக்கு வேண்டியது அந்தப் படம்தான். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே வைத்திருக்க வேண்டும்.